பழுப்பேறாத மூன்று புட்டிகள்

பெங்களூரில் கடல் கிடையாது. ஜெயராமன் முப்பத்தைந்து வயது வரை கடலைப் பார்த்ததும் கிடையாது. சிவாஜிநகர் சந்திலிருந்து சைக்கிளில் போய், ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் கண்ணாடிப் புட்டி கழுவுகிறவன். பதினொரு வருடமாக டெம்பரரி. அப்படிப்பட்டவனை 1963-இல் கடல் ஆராய்ச்சிக் கப்பலுக்கு அனுப்பினார்கள் என்றால், ஒரே காரணம், ஆராய்ச்சிக்கூடத்தில் எதையும் உடைக்காத கை அவனுடையது ஒன்றுதான். திரும்பி வந்ததும் பர்மனென்ட் என்று ஆபீசர் சீனிவாசராகவன் வாக்குக் கொடுத்திருந்தார். அந்த ஒரு சொல்லுக்காகவே உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு கப்பலேறினான்.

கம்பியில் குழாய்களை வரிசையாக மாட்டி இறக்குவார்கள். ஒவ்வோர் ஆழத்திலும் ஒன்று மூடிக்கொண்டு, அங்குள்ள தண்ணீரோடு மேலே வரும். ஜெயராமன் தெர்மாமீட்டரைப் படித்துக் குறிப்பான். பிறகு தண்ணீரைக் காற்றுக்குமிழி புகாமல் புட்டியில் பிடித்து இரண்டு மருந்து விடுவான். பிராணவாயு இருந்தால் பழுப்பாகப் படியும். பெங்களூரில் ஏரித் தண்ணீரில் பழகியபோதெல்லாம் பழுப்புதான். வெள்ளை வந்தால் மருந்தில் சொதப்பிவிட்டாய் என்று அர்த்தம் என ஆபீசர் எச்சரித்திருந்தார்.

பதினேழாம் நாள் காற்று அடியோடு நின்றது. கடல் எண்ணெய் ஊற்றியதுபோல் கிடந்தது. நூற்றைம்பது மீட்டர் ஆழத்துத் தண்ணீரில் மருந்து விட்டான், வெள்ளை. அடுத்ததும் வெள்ளை. அதற்கடுத்ததும். மருந்தில் சொதப்பிவிட்டோம், பர்மனென்ட் போச்சு என்று நினைத்தான். ஆபீசர் சாப்பிடப் போயிருந்தார். மூன்று மூடிகளையும் திறந்து, காற்றுப் பட ஒரு குலுக்குக் குலுக்கி மூடினான். வெள்ளை மெல்லப் பழுப்பேறியது. திரும்பி வந்த ஆபீசர் அளந்து, எண்களைப் பதிவேட்டில் எழுதிக்கொண்டார்.

மறுநாள் காலை கண்ணுக்கெட்டிய தூரம் வரை செத்த மீன்கள், வயிறு மேலே தெரிய. கப்பல் மூன்று மணி நேரம் அவற்றின் நடுவிலேயே போயிற்று. காரணம் தேடிப் பதிவேட்டைப் புரட்டினார்கள். கீழே பிராணவாயுவுக்குக் குறைவில்லை என்றது பதிவேடு. அப்போதுதான் ஜெயராமனுக்கு உறைத்தது, வெள்ளைதான் நிஜம், கீழே பிராணவாயுவே இல்லை என்று. வாயைத் திறக்கவில்லை. கோழைதான், சந்தேகமில்லை. பதினொரு வருடம் டெம்பரரியாக இருந்து பார்த்தவர்கள் வேண்டுமானால் அவனைத் திட்டட்டும்.

பெங்களூர் திரும்பிய மாதமே பர்மனென்ட் ஆர்டர் வந்தது. மனைவி பாஞ்சாலி ரஸ்ஸல் மார்க்கெட்டில் மீன் வாங்கிக் குழம்பு வைத்தாள். அவன் தட்டைத் தள்ளி வைத்தான்.

"ஏன்யா, ஆர்டர் கைக்கு வந்த அன்னிக்குக்கூடவா மூஞ்சிய இப்படி வச்சிருப்பே?" என்றாள் பாஞ்சாலி. தலைவலி என்று சொல்லிவிட்டு எழுந்துபோனான்.

மறு வாரம் ஆபீசர் கூப்பிட்டனுப்பினார். மேசையில் பதிவேட்டின் அந்த நாள் பக்கம் திறந்திருந்தது. மூன்று எண்களைச் சுற்றிச் சிவப்புப் பென்சில் கோடு.

"அந்த மீன் விஷயம் மனசை விட்டுப் போகலைப்பா. நவம்பர்ல மறுபடி அதே எடத்துக்குப் போறோம். நீயே தண்ணி பிடி," என்றார். "இந்தத் தடவை நான் உன் பக்கத்துலயே நின்னு பாக்கறேன்."

சரி சார் என்றான் ஜெயராமன். நாலாக மடித்த ஆர்டர் சட்டைப்பையில் இருந்தது. நவம்பருக்கு இன்னும் ஐந்து வாரம்.