ஒரு கையில் இரண்டு கயிறு

சந்தியாகு அத்தான் இறந்த செய்தி எனக்குக் கரையிலேயே வந்தது. சங்கு குளிக்கப் போன வள்ளம் வெயில் ஏறுமுன் திரும்பியது. பாயை இறக்குமுன்பே ஒருவன் இடுப்பளவு தண்ணீரில் குதித்து ஓடி வந்து, "ஏலே அந்தோணி, ஒங்க அத்தான் மேல வரலியேல" என்றான்.

நேற்று கோயில் வாசலில் நடந்த துக்கக் கூட்டத்தில், ஊர்க்காரர்களே, நீங்கள் எல்லோரும், கடல் அவரைக் கொண்டுபோய்விட்டது என்று பேசினீர்கள். கடலைக் குறை சொல்வது சுலபம். அது திருப்பிப் பேசாது.

நம் கரை வழக்கம் உங்களுக்குத் தெரியும். முங்கிச் சங்கெடுக்கும் குளியாள் கயிற்றில் கட்டிய கல்லில் கால் வைத்து இறங்கினால், வள்ளத்தில் நின்று அவன் கயிற்றைப் பிடிப்பவன் மச்சினன். உடன்பிறந்தவள் தாலி அறுத்துவிடக் கூடாதே என்று அவன் கண் கயிற்றைவிட்டு அகலாது. அக்காளின் கல்யாணம் ஆனதிலிருந்து அத்தானின் கயிறு என் கையில்தான் இருந்தது.

யுத்தம் முடிந்த வருஷம், ஆடிக் காற்றில் கடலுக்குப் போகாமல் கிடந்தபோது அத்தானுக்கு வல்லநாட்டு மலை ஏறும் ஆசை வந்தது. "தெனமும் அந்த மலைய அடையாளம் வச்சுத்தான் வள்ளத்த நிறுத்துதோம். ஒருநாளாவது அங்கன நின்னு நம்ம கடலப் பாக்க வேண்டாமால?" என்றார். வள்ளத்தின் சொந்தக்காரரான சம்மாட்டியும் கூட வந்தார். அவர் பெயரை நான் எழுதப்போவதில்லை.

கரிப்புகையில் ஓடும் பஸ்ஸில் பக்கத்துப் புதுக்கோட்டை தாண்டிப் போய் இறங்கினோம். மலையடியில் உடைமுள்ளும் சரளையும். அத்தான் மூச்சை அடக்கிக்கொண்டு விறுவிறுவென்று ஏறுவார், பிறகு வாயைப் பிளந்துகொண்டு நிற்பார். "இங்கன காத்துக்கா பஞ்சம்? ஏன் அத்தான் மூச்ச அடக்குதீய?" என்று கேட்டேன். "வேலைன்னா மூச்சு தானா நின்னுருதுல" என்று சிரித்தார்.

உச்சிக்குக் கீழே செங்குத்தான பாறை. நாங்கள் இருவரும் தொற்றி ஏறிவிட்டோம். சம்மாட்டியின் இடுப்பில் அத்தான் கையோடு கொண்டுவந்திருந்த குளிக்கிற கயிற்றைக் கட்டி மேலே நின்று பிடித்துக்கொண்டோம். பாதியில் அவர் கால் வழுக்கிவிட்டது. கயிறு வெடுக்கென்று அசைந்ததுதான் தெரியும், எங்கள் கைகள் தாமாக இழுத்துவிட்டன. மனுஷர் மூட்டை மாதிரி வந்து விழுந்தார். வேட்டி கிழிந்து, முட்டித் தோல் உரிந்துபோயிருந்தது.

"மெதுவா இழுத்தா என்னல?" என்று சீறினார்.

"கயிறு அசைஞ்சா இழுத்துரணும் அண்ணாச்சி. யோசிச்சா ஆள் செத்துருவான்" என்றார் அத்தான்.

சம்மாட்டி கீழே எட்டிப் பார்த்தார். அத்தானின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். "என் வள்ளத்துல என்னைக்கும் ஆளுக்கொரு கயித்துக்காரன்தான். மாதா மேல ஆணை" என்றார். உச்சியில் நின்று பார்த்தபோது கிழக்கே மங்கலாகக் கடல் தெரிந்தது. "இம்புட்டுத்தானால?" என்றார் அத்தான்.

இந்தப் பருவத்தில் அதே சம்மாட்டி, இரண்டு குளியாளுக்கு ஒரு கயிற்றுக்காரன் போதும், கூலி கட்டுப்படியாகவில்லை என்றார். நான் சண்டை போட்டேன். என்னைக் கரையில் சங்கைத் தரம் பிரிக்க அனுப்பிவிட்டார். அத்தானைப் போகாதீர்கள் என்றேன். "அடுப்பு எரியணும்லா" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

அன்று கயிறு பிடித்தவன் மற்றக் குளியாளைத் தூக்கிக்கொண்டிருந்தபோது அத்தானின் கயிறு அசைந்திருக்கிறது. அவன் அதைப் பார்த்தும் இருக்கிறான். இரண்டு கையும் அந்தக் கயிற்றில் இருக்க, அவன் என்ன செய்வான்? அவனை நான் நோகவில்லை.

கூட்டத்தில் சம்மாட்டி, "மலையில என் உயிரக் காப்பாத்துன மகராசன்" என்று மாரில் அடித்துக்கொண்டு அழுதார். நீங்களும் கூட அழுதீர்கள். அழுது முடித்து, அத்தானின் கயிற்றை வைத்திருந்த என்னிடம் வந்தார். "அந்தக் கயித்தக் குடுல. எங்க வீட்டுல அவன் படத்தோட மாட்டி வைக்கேன்" என்றார்.

பக்கத்தில் நின்ற அக்காள், "ஏலே, குடுத்துராத" என்றாள்.

கொடுக்க மாட்டேன். அத்தானிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்தக் கயிறுதான். நாளைக் காலையில் அதைத் தோளில் போட்டுக்கொண்டு துறையில் நிற்பேன். ஒரு கையில் இரண்டு கயிறு பிடிக்கச் சொல்கிற எந்த வள்ளமும் என்னைத் தள்ளிவிட்டுத்தான் கடலில் இறங்க வேண்டும். நேற்று அழுதவர்கள் வந்து பக்கத்தில் நில்லுங்கள்.