பன்னிரண்டு மணிக்குள் மலாக்கா

புதன்கிழமை மதியம் மலாக்கா சென்ட்ரலில் பஸ்ஸை விட்டு இறங்கினேன். கோலாலம்பூரிலிருந்து ஏறத்தாழ நூற்று நாற்பத்தைந்து கிலோமீட்டர், பதினைந்து ரிங்கிட், இரண்டு மணி நேரம். கோட்டையையோ கப்பலையோ பார்க்கும் எண்ணமே இல்லை. நான் வந்தது ஒரு பழைய வேனைப் பார்க்க. "திருச்சியிலேர்ந்து வேன் பாக்கவா போயிருக்கே?" என்று மகள் போனில் சிரித்தாள். சிரிக்கட்டும். டயாலிசிஸ் செய்துகொள்ளும் ஐந்து பேரைத் தோட்டங்களிலிருந்தும் சிற்றூர்களிலிருந்தும் நகரத்துக்குக் கூட்டிப்போக, அக்கம்பக்கத்துக் குடும்பங்களே சேர்ந்து ஒரு வண்டி விடுகிறார்கள், வியாழக்கிழமை முதல் ஓட்டம் என்று கோலாலம்பூர் தோழி சொல்லியிருந்தாள். அடுத்தவர் காரியத்தில் மூக்கை நுழைப்பது என் பிறவிக் குணம். கிளம்பிவிட்டேன்.

வியாழன் காலை 9.15, பெம்பான். வெல்டிங் பட்டறை வாசலில் வேன் நின்றது. ஓட்டுநர் குணாதான் பட்டறை முதலாளியும்.

"வண்டி யாருதுங்க?" என்றேன்.

"மாதா கோயில் ஆளுங்களோடது அக்கா. சும்மா கெடந்துச்சு. வீல்சேர் ஏத்துற பலகைய நான் அடிச்சேன். சீட்டு தைச்சது ஜாசின்ல ஒரு அக்கா. டைம்டேபிள் டீச்சர் போட்டது. ஆளுக்குக் கொஞ்சம்லா."

டீச்சர் என்பவர் மலாக்கா நகரில் இருக்கும் ஓய்வுபெற்ற கணக்கு ஆசிரியை, யாழ்ப்பாண வம்சாவளி. ஒவ்வொரு சாலையையும் தன் காரில் போய் அளந்து நேரம் குறித்திருக்கிறார். பன்னிரண்டு மணிக்குள் ஐவரும் மருத்துவ மையத்தில் இருக்க வேண்டும். அவர்கள் நான்கு மணி நேரம் இயந்திரத்தோடு படுத்திருக்கும்போது வேன் சும்மா நிற்காது. தோட்டத்துப் பெண்கள் அரைத்த மசாலைத் தூளை ஏற்றிக்கொண்டு கிளேபாங் வரை கடைகளுக்குப் போட்டு வரும். வேனின் டீசல் செலவு அதில் வந்துவிடும். இந்த யோசனை யாருக்கு வந்ததோ, கையெடுத்துக் கும்பிடலாம்!

9.55, சுங்கை ரம்பாய். மேரியும் அவர் கணவர் அந்தோணியும் ஏறினார்கள். மேரிக்கு நாற்பத்தைந்து வயதிருக்கும். வாரத்தில் மூன்று நாள் கணவரை பஸ் மாற்றி பஸ் அழைத்துப் போவதற்காக இரண்டு வருடங்களுக்கு முன் தொழிற்சாலை வேலையை விட்டவர். இப்போது ஒரு பள்ளிச் சிற்றுண்டிச்சாலையில் வேலை கிடைத்திருக்கிறது. வருகிறாரா இல்லையா என்று சனிக்கிழமைக்குள் சொல்லியாக வேண்டும்.

"இந்த வேன் ஓடுனாதான் எனக்கு வேல அக்கா. இல்லன்னா பழைய கததான்" என்றார்.

மெர்லிமாவ் பக்கத்துத் தோட்டத்தில் அடுத்த வீடு. முத்தையா தயாராகத்தான் இருந்தார். ஆனால் அவர் மனைவி லெட்சுமி விடவில்லை. "தண்ணி கலக்கிட்டேன், எறங்குங்க! ஊர்லேர்ந்து அக்கா வேற வந்திருக்காங்க, பசியாறாம போறதா?" தண்ணி என்றால் மைலோ. கூடவே பிஸ்கட். மூன்றாவது வீட்டில் நாசி லெமாக், அதாவது தேங்காய்ப்பால் சோறு. நான்காவதில் காப்பியும் வடையும். ஐந்தாவது வீட்டிலும் அதே கதைதான். வாசலுக்கு வந்தவர் கை நனைக்காமல் போனால் வீட்டுக்காரர்கள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார்கள். குணா இறங்கினார், நானும் இறங்கினேன். வெட்கமில்லாமல் சொல்கிறேன், நாசி லெமாக்கை இரண்டாம் முறையும் வாங்கிச் சாப்பிட்டேன்.

மையத்தை அடைந்தபோது மணி 12.50. நான்கு மணிக்கு அதே இயந்திரங்களுக்கு அடுத்த வரிசை ஆட்கள் வர வேண்டியிருந்ததால் நம்மவர்களுக்கு நான்கு மணி நேரம் மூன்றாகக் குறைந்தது. அந்தோணியின் கால் ஏற்கெனவே வீங்கியிருந்தது. மேரி குனிந்து அவர் செருப்பின் வாரைத் தளர்த்திவிட்டார். எனக்கு நாசி லெமாக் நெஞ்சிலேயே நின்றது.

வெள்ளி மாலை ஐந்து மணிக்குப் பெம்பான் பட்டறையில் எல்லாரும் கூடினார்கள். டீச்சர் நேர அட்டவணையை விரித்து வைத்துக்கொண்டு பொரிந்து தள்ளினார். "ரோட்டில ஒரு நிமிஷமும் பிந்தேல்ல. முழுக்க உங்கட வீடுகளிலதான் போயிருக்கு. இனி ஒருத்தரும் வண்டிய விட்டு இறங்கக் கூடாது."

லெட்சுமிக்குக் கண் கலங்கிவிட்டது. "எம் புருசனத் தூக்கிட்டுப் போக வர்றாங்க. அவங்களுக்கு ஒரு வா தண்ணி குடுக்காம அனுப்புனா நான் மனுசியா டீச்சர்?"

குணா தலையைச் சொறிந்தார். "எனக்கும் வேணாம்னு சொல்ல வாய் வரல டீச்சர்."

அதுவரை சும்மா இருந்த மேரி எழுந்தார். "அக்கா, எங்க வீட்டுக்காரருக்கு ஒரு நாளைக்கு ரெண்டு கிளாஸ் தண்ணிதான்னு டாக்டர் சொல்லியிருக்காரு. ஒங்க வீட்டுக்காரருக்கும் அதேதான். எங்க வீட்டுக்காரரு நாக்கு வறண்டு வேன்ல உக்காந்திருந்தாரு. நாம வீடு வீடா குடிக்கிறத ஜன்னல் வழியா பாத்துக்கிட்டே வந்தாரு. எனக்கு வேல போனாகூடப் பரவால்ல அக்கா, அத என்னால பாக்க முடியல."

லெட்சுமி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். நான் தரையைப் பார்த்தேன். உபசாரத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை, வேனுக்குள்ளே உட்கார்ந்திருந்தவரைத்தான் எங்களில் ஒருவரும் நினைக்கவில்லை. யாரும் தீர்மானம் எதுவும் போடவில்லை. லெட்சுமி மட்டும் டீச்சரிடம், "எங்க சிம்பாங்குக்கு வண்டி எத்தன மணிக்கு வரும்?" என்று கேட்டுக்கொண்டு போனார். சிம்பாங் என்பது தோட்டத்துச் சாலை பெரிய சாலையில் சேரும் முனை.

சனிக்கிழமை 10.20. அந்த முனையில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டு முத்தையாவை உட்கார வைத்து, குடை பிடித்தபடி நின்றிருந்தார் லெட்சுமி. வெறுங்கை. கணவரை ஏற்றிவிட்டு, "போங்க போங்க!" என்று வேனைத் தட்டினார். யாரும் சொல்லாமலே மற்ற மூன்று வீட்டாரும் சாலைக்கே வந்து நின்றார்கள். ஒருவரும் ஒரு டம்ளரைக்கூட நீட்டவில்லை. அவர்களுக்கு அது எவ்வளவு கஷ்டம் என்று முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது.

மையத்தில் இறங்கும்போது மணி 11.35. அந்தோணி உள்ளே போனார். மேரி வழக்கமாக உட்காரும் பெஞ்சுக்கு அருகில் போய், உட்காராமல் நின்று போனை எடுத்தார். "செவ்வாக்கெழம வந்துர்றேன் மேடம்" என்று சொல்லிவிட்டு அழுதார், உடனே சிரித்தார். நானும் அழுதேன். குணா மசாலை மூட்டைகளை ஏற்றப் போய்விட்டார்.

பகல் 2.30 பஸ்ஸுக்கு என்னை மலாக்கா சென்ட்ரலில் இறக்கிவிட்ட டீச்சர், பையிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினார். அவர்களோடு சேரும் ஒவ்வொருவரும் நிரப்பும் தாளாம். என்ன தெரியும், எந்த நாள் சும்மா இருப்பீர்கள், இரண்டே கேள்வி. "சும்மா ஒரு ஞாபகத்துக்கு எழுதுங்கோ" என்றார்.

பஸ்ஸில் உட்கார்ந்து எழுதினேன். கார் ஓட்டத் தெரியும். எல்லா நாளும் சும்மாதான் இருக்கிறேன். அதற்கு மேல் பேனா ஓடவில்லை. திருச்சியில் எங்கள் எதிர்வீட்டு வாசலில் ஒருவர் வாரத்தில் மூன்று நாள், கையில் ஆஸ்பத்திரி கோப்போடு, கேட்டைப் பிடித்துக்கொண்டு ஆட்டோவுக்காக நிற்பார். காலைக் காப்பியோடு மாடியில் நின்று இரண்டு வருடமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். என் கார் கீழே உறை போட்டு நிற்கிறது. அவர் பெயர்கூட எனக்குத் தெரியாது.