சகலை வீட்டு மோல்டு

திருத்தணியில் சடகோபன் வீட்டு வாசலில் நிற்கிற கார்களெல்லாம் வழி கேட்கத்தான் நிற்கும். கண்ணாடியை இறக்கி, ஃபைபர் பம்பர் செய்கிற சுதாகர் வீடு எது என்று கேட்பார்கள். சடகோபனும் ஃபைபர் வேலைக்காரர்தான். அதைச் சொல்ல வாயெடுப்பதற்குள் வயிறு எரியத் தொடங்கிவிடும். ஓரிரு முறை மலைக்குப் போகிற பாதையைக் கைகாட்டி அனுப்பியும் இருக்கிறார். முருகனைப் பார்த்துவிட்டு வரட்டுமே, என்ன நஷ்டம்?

சுதாகர் அவருக்குச் சகலை. அவர் மனைவி பிரேமாவின் தங்கை புவனாவைக் கட்டியவன். இருவரும் அரக்கோணத்தில் ஒரே பட்டறையில் பஸ் சீட் வார்த்தவர்கள். அது மூடியதும் அவரவர் வீட்டுக் கொல்லையில் தொழிலைப் போட்டார்கள். சடகோபனிடம் ஆட்டோ மட்கார்டுகள் வந்தன. சுதாகரிடம் சென்னைப் பையன்கள் காரோடு வந்தார்கள். கம்பெனி பம்பரைக் கழற்றிப் போட்டுவிட்டு, ஊரில் யாரிடமும் இல்லாத மாதிரி ஒன்று கேட்டார்கள். செய்து கொடுத்ததைப் படமெடுத்து போனில் போட்டார்கள்.

பிரேமா அந்தப் படங்களை அடுப்படியில் நின்று பார்ப்பாள். தங்கை வீட்டுக்காரர் கையில் என்னவோ இருக்கிறது என்பாள். சடகோபனுக்கு அன்றைக்குச் சோறு இறங்காது. தன் கையில் மட்டும் என்ன, சொறியா இருக்கிறது? வார்த்த பாகத்தைக் கீறல் விழாமல் அச்சிலிருந்து கழற்றுவதில் பட்டறையில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. அதை எவன் படமெடுத்தான்?

ஆயுத பூஜையன்று பொரி வாங்கிக்கொண்டு சகலை வீட்டுக்குப் போனார். சுதாகர் பூசணிக்காய் வாங்க மார்க்கெட்டுக்குப் போயிருந்தான். கொல்லையில் புது மோல்டு கிடந்தது. ஏதோ பழைய காருக்கான முன் பம்பரை வார்க்கிற அச்சு. உள்பக்கம் முகம் தெரிந்தது; மாதக்கணக்கில் தேய்த்திருப்பான். சடகோபன் உட்கார்ந்து குறை தேடினார். ஒன்றும் அகப்படவில்லை. அதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை.

மெழுகு தேய்த்து, அதன்மேல் மருந்து பூசி, அது காய்ந்து மெல்லிய தோலாகப் படிந்திருந்தது. விஜயதசமிக்கு வார்ப்பதுதான் பாக்கி. அந்தத் தோல் இருந்தால்தான் பம்பர் அச்சை விட்டுக் கழலும். தண்ணீர் பட்டால் கரைந்துபோகும்.

புவனா வாளியும் துணியுமாக வந்தாள். அக்கா புருஷனைப் பார்த்து, வாங்க பாவா என்றாள். சுத்தியல், அரம், ட்ரில் எல்லாவற்றையும் துடைத்துச் சந்தனப் பொட்டு வைத்தாள். பிறகு மோல்டையும் ஈரத்துணியால் அழுத்தித் துடைத்து, நடுவில் பெரிதாக ஒரு பொட்டு வைத்தாள். பூஜைக்கு வைக்கிற பொருளைத் துடைக்காமலா வைப்பார்கள்?

சடகோபனுக்கு நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஒரு பிடி பொரியை அள்ளி வாயில் போட்டுக்கொண்டார். படட்டும், ஒரு தடவையாவது அவனும் படட்டும் என்று மனசு குதித்தது.

மறுநாள் சாயங்காலம் சுதாகர் போன் செய்தான். சந்தனத்தைத் துடைத்துவிட்டு, அடியில் தோல் இருக்கிறது என்று நம்பி வார்த்துவிட்டானாம். பம்பரும் மோல்டும் ஒரே கல்லாகப் பிடித்துக்கொண்டனவாம். சடகோபன் பிரேமாவையும் கூட்டிக்கொண்டு போனார். சுதாகர் மர ஆப்பை அவர் கையில் கொடுத்தான்.

"எவ்ளோ தட்டியும் வரல சகலை. கழட்டற வேலையில உன்ன மாதிரி கை எனக்குக் கிடையாது. பட்டறையிலயே அப்பிடித்தான்."

எத்தனை வருஷமாகக் கேட்க ஏங்கிய பேச்சு, அதுவும் பிரேமா காதுபட. ஆப்பை ஓரத்தில் செருகித் தட்டினார். மோல்டு விரிசல் விட்டது.

பூஜைக்கு ஈரத்துணியால் துடைத்ததைப் புவனா அப்போதுதான் சொன்னாள். சுதாகர் அவளிடம் திரும்பி, எந்த மூளையில்லாதவளாவது அதில் ஈரத்துணி போடுவாளா என்று சீறினான். அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"நான் தொடைக்கறப்போ பாவா பக்கத்துலயே உக்காந்துகினு இருந்தாரு. தப்புன்னா அவரு சொல்லியிருக்க மாட்டாரா?"

பிரேமா புருஷன் முகத்தைப் பார்த்தாள். சுதாகர் கையை நீட்டி ஆப்பைத் திரும்ப வாங்கிக்கொண்டான்.