ரேமுக்கு வைத்த சந்தனப் பொட்டு

ஆறு மாதம் டியூஷன் எடுத்துச் சேர்த்த காசில், நேற்றுதான் கம்ப்யூட்டருக்குக் கூடுதல் ரேம் வாங்கினேன். இனியாவது கார் ரேஸ் கேம் திக்காமல் ஓடும் என்று நம்பினேன்.

காலையில் எழுந்ததும், சாமி அலமாரியில் அப்பா வைத்திருந்த ரேமை எடுத்து அவசரமாகச் சொருகினேன். மானிட்டரில் ஒன்றும் வரவில்லை. பீப் சத்தம் மட்டும் வந்தது.

கம்ப்யூட்டர் கேபினெட்டைப் போர்வையில் சுற்றி, அம்பத்தூரிலிருந்து முகப்பேர் கடை வரை பஸ்ஸில் மடியிலேயே வைத்துக்கொண்டு போனேன். கண்டக்டர் அதற்கும் ஒரு டிக்கெட் கிழித்தார்.

கடைக்காரர் ரேமைக் கழற்றிப் பார்த்தார்.

"இன்னா நைனா, இதுக்குக் கல்யாணம் பண்ணி இட்டுகினு வந்துகீறே?"

தங்க நிறக் கால்கள் முழுக்கச் சந்தனம். நடுவில் குங்குமம். ரப்பரால் தேய்த்துத் துடைத்தார். உடனே ஓடியது.

வீட்டுக்கு வந்து, இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் லேத் மெஷின் ஓட்டும் அப்பாவிடம் கேட்டேன்.

"புச்சா வந்த சாமானைப் பொட்டு வைக்காம ஓட்டுவாங்களாடா? எங்க லேத்து இருவது வருசமா ஓடிகினு கீது, தெரிதா?"



அடுத்து சவுண்ட் கார்டு வாங்க வேண்டும். அதில் பொட்டு வைக்கப் பத்திரமான இடம் எது? தெரிந்தவர்கள் எழுதுங்கள். அப்பாவிடம் காட்ட வேண்டும்.