சிலிண்டர் உருண்ட சத்தம்

என் வீட்டு வாசலில் ராஜி கொதிக்கிற சாம்பாரில் வெந்துபோய்க் கிடந்தபோது, நான் உடனே கதவைத் திறக்கவில்லை. முதலில் சிலிண்டரை உருட்டிக்கொண்டு போய் ஒளித்து வைத்தேன். அதற்கப்புறம்தான் திறந்தேன்.

சொல்லிவிட்டேன்... இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. பெற்ற மகளிடம் சொல்லவில்லை. வெள்ளிக்கிழமை தவறாமல் போய் நிற்கிற தாயார் சந்நிதியில்கூட வாய் திறக்கவில்லை. முன்பின் தெரியாத உங்களிடம் சொல்கிறேன். நீங்கள் என் கீழ்வீட்டில் குடியில்லை, அது ஒன்றுதான் காரணம்.

ஸ்ரீரங்கத்தில் கொள்ளிடம் பக்கமாக இருக்கிற பழைய அடுக்குமாடி எங்களுடையது. மூன்று மாடி, லிஃப்ட் கிடையாது. பொன்மலை ரயில்வே பணிமனையில் வேலை பார்த்த என் கணவர் ஓய்வுபெற்ற பணத்தில் வாங்கிய வீடு. அவர் போய்ச் சேர்ந்துவிட்டார். இரண்டாம் மாடியில் நான் ஒருத்தி. எனக்கு நேர் கீழே, முதல் மாடியில், ராஜி.

ராஜிக்கும் துணை இல்லை. நர்ஸிங் படிக்கிற ஒரே மகள். பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்க, இங்கே தனியாக இருக்கும் வயதானவர்களுக்கு மதியச் சாப்பாடு சமைத்துக் கொடுப்பதுதான் அவள் பிழைப்பு. ஸ்ரீரங்கத்தில் அப்படிப்பட்டவர்களுக்கா பஞ்சம்? விடிந்ததும் குக்கர் விசில் கேட்கத் தொடங்கும். பதினொரு மணிக்கெல்லாம் ஸ்கூட்டியின் இரண்டு பக்கமும் கேரியர்களைத் தொங்கவிட்டுக்கொண்டு, உத்திர வீதி, சித்திர வீதி என்று கிளம்பிவிடுவாள்.

எங்கள் கட்டடத்தில் ஒரு வழக்கம் உண்டு. மற்ற இடங்களில் சர்க்கரை, காப்பித்தூள் கைமாற்று வாங்குவார்கள். நாங்கள் சிலிண்டரையே கைமாற்று வாங்குவோம். ஒருத்தி வீட்டில் தீர்ந்துபோனால் அடுத்தவள் வீட்டு நிறை சிலிண்டர் போகும். அவளுடையது வந்ததும் அப்படியே திரும்பி வரும். கேட்பதற்குக் கூச்சமில்லை, கொடுப்பதற்கு யோசனையில்லை. என் கணவர் காரியத்தன்று வீடு கொள்ளாத கூட்டம். பாதிச் சமையலில் அடுப்பு அணைந்துபோனது. நான் கேட்கவேயில்லை. ராஜி தன் சிலிண்டரைத் தோளில் வைத்துக்கொண்டு படியேறி வந்து நின்றாள்.

அவளிடம்தான் நான் இல்லை என்று சொன்னேன்.

போர் நடந்தது வளைகுடாவில். ஆனால் இங்கே முதலில் அணைந்தது டீக்கடை அடுப்பு. காஸ் கப்பல் வரவில்லை என்றார்கள். அப்புறம் ஹோட்டல் வாசலில் 'தோசை, பூரி இல்லை' என்று பலகை தொங்கியது. இண்டக்‌ஷன் அடுப்புக்காகப் பெரிய கடைவீதியில் கடை கடையாக ஏறி இறங்கினார்கள். காட்சிக்கு வைத்திருந்ததைக்கூட விட்டு வைக்கவில்லை. காந்தி மார்க்கெட்டில் சமைக்காமல் தின்னக்கூடிய வெள்ளரிக்காயும் கேரட்டும் விலையேறிக்கொண்டன. காஸ் ஏஜென்சி வாசலில் காலி சிலிண்டர்களை வரிசையில் வைத்துவிட்டு, அவற்றின் மேலேயே உட்கார்ந்து கொண்டார்கள் ஜனங்கள். பதிந்தால் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியவில்லை. எங்கள் எதிர்வீட்டுக்காரர் தன் சிலிண்டரை நாய்ச் சங்கிலியால் ஜன்னல் கம்பியோடு சேர்த்துப் பூட்டி வைத்தார். சிரித்தேன். அன்று மாலையே நானும் கதவுக்கு ஒரு தாழ்ப்பாள் கூடுதலாகப் போட்டேன்!

ஏனென்றால் என்னிடம் ஒரு நிறை சிலிண்டர் இருந்தது. படுக்கையறையில், பீரோவுக்கும் சுவருக்கும் நடுவில். அதன்மேல் ஒரு பழைய புடவையைப் போர்த்தி வைத்திருந்தேன்.

பேராசை என்று நினைக்கிறீர்களா? இல்லை... பயம். என் மகள் காயத்ரி அங்கேதான் இருந்தாள், அந்த வளைகுடாவில். வயிற்றில் ஏழு மாதப் பிள்ளை, இடுப்பில் இரண்டு வயதுப் பெண். ஒரு நாள் போன் செய்தபோது பின்னால் அபாயச் சங்கு ஊதுகிற சத்தம் கேட்டது. "ஒண்ணுமில்லம்மா, மாடிப்படிக்கு அடியில உட்கார்ந்திருக்கோம். கொஞ்ச நேரத்துல நின்னுடும்" என்றாள். அந்தக் குழந்தை அழவில்லை. அழாதது எனக்கு இன்னும் பயமாக இருந்தது.

"டிக்கெட் கிடைச்சா உடனே திருச்சிக்கு வந்துடறேம்மா" என்று அவள் சொன்ன அன்றிலிருந்து எனக்குப் புத்தி பேதலித்துவிட்டது. நாளைக்கே வந்து இறங்கினால்? வாயும் வயிறுமாக வருகிறவளுக்கு ஒரு வெந்நீர் வைத்துத் தர முடியாவிட்டால்? குழந்தைக்குப் பால் காய்ச்ச வழியில்லாவிட்டால்? அந்தச் சிலிண்டரைத் தொட்டுப் பார்த்தால்தான் எனக்குத் தூக்கம் வந்தது. சிரிக்காதீர்கள். உங்களுக்கும் அப்படி ஒருநாள் வந்தால் தெரியும்.

ராஜி வந்தாள். ஏஜென்சியில் நின்று நின்று முகம் கறுத்திருந்தது.

"அக்கா, ஒரு சிலிண்டர் இருந்தா குடுங்கக்கா. என்னோடது வந்ததும் மொதல்ல உங்களுக்குத்தான்."

"எனக்கே இல்லடி ராஜி. அடுப்புல இருக்கறது இன்னிக்கோ நாளைக்கோன்னு இருக்கு."

எவ்வளவு சுலபமாக வந்தது தெரியுமா! நாக்கு கொஞ்சம்கூடக் குழறவில்லை. அவள் என்னை ஏறிட்டுப் பார்த்தாள். அப்புறம், "சரிக்கா, நீங்களும் பாவம் என்ன பண்ணுவீங்க. காயத்ரி எப்படி இருக்கா?" என்று கேட்டாள். நான் அழுதேன். பொய்யான அழுகை இல்லை அது. அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "பெருமாள் கைவிட மாட்டாருக்கா" என்று சொல்லிவிட்டுக் கீழே இறங்கிப் போனாள்.

"கொஞ்ச நாளைக்கு இந்தச் சமையல விட்டுடேன்டி" என்று மறுநாள் சொல்லிப் பார்த்தேன். "எப்படிக்கா விடறது? அவங்க எல்லாம் பிரெட்டத் தின்னுட்டுப் படுத்துக்குவாங்க" என்றாள். அவள் மகளின் படிப்புச் செலவும் அந்தக் கேரியர்களில்தான் இருந்தது. அதை அவள் சொல்லவில்லை. எனக்குத் தெரியும்.

மொட்டைமாடியில் செங்கல் அடுக்கி விறகு அடுப்பு போட்டாள். பெரிய குண்டானில் சாம்பார் கொதிக்கும். அதைத் துணி சுற்றிப் பிடித்துக்கொண்டு மூன்றாம் மாடி, இரண்டாம் மாடி தாண்டித் தன் வீட்டுக்குக் கொண்டுபோய்க் கேரியர்களில் நிரப்புவாள். தினமும் என் வாசலைத் தாண்டித்தான் போகவேண்டும். புகையில் கண் சிவந்து, முந்தானையில் கரி அப்பி... நான் கதவைச் சாத்தியே வைத்திருந்தேன். என் சமையல் வாசனை வெளியே போய்விடுமோ என்று தாளிப்பதைக்கூட நிறுத்தினேன்.

அன்று காலை என் அடுப்பு பொசுக்கென்று அணைந்தது.

படுக்கையறைக்குப் போய்ப் புடவையை விலக்கினேன். உங்களுக்கும் தெரிந்திருக்கும், ராஜியைப்போலத் தெம்பு இருந்தாலொழிய நிறை சிலிண்டரைப் பெண்பிள்ளைகள் தூக்க மாட்டோம். சாய்த்துப் பிடித்து, அடி வளையத்தின் மேல் உருட்டுவோம். கடகடவென்று சத்தம் வரும். மாடிவீடுகளில் குடியிருக்கிற யாரும் அந்தச் சத்தத்தை வேறொன்று என்று நினைக்கமாட்டார்கள். ராஜி மொட்டைமாடியில் இருக்கிறாள், கேட்காது என்ற தைரியத்தில் உருட்டினேன். நடு ஹாலுக்கு வந்தேன்.

அப்போதுதான் வெளியே தடதடவென்று ஒரு சத்தம். குண்டான் படியில் மோதி உருண்டது. அடுத்து ராஜியின் அலறல்.

"அக்கா..."

என் வாசலில்தான் விழுந்திருந்தாள். கதவுக்கு அந்தப் பக்கம். எனக்கும் அவளுக்கும் நடுவில் ஒரு பலகை.

நான் என்ன செய்தேன்? கதவைப் பார்த்தேன். கையில் இருந்த சிலிண்டரைப் பார்த்தேன். திறந்தால் தெரிந்துவிடும்... அந்த ஒரு நினைப்புத்தான் வந்தது. சத்தியமாக வேறெதுவும் வரவில்லை. சிலிண்டரைத் திருப்பினேன். வந்த வழியே உருட்டினேன். அவசரத்தில் அது நிலைப்படியில் இடித்துக்கொண்டது, மறுபடி நிமிர்த்தினேன். பீரோ பக்கம் தள்ளினேன். புடவையைப் போர்த்தினேன். ஆமாம், புடவையையும் போர்த்தினேன்! வெளியே அவள் "அக்கா, அக்கா" என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். நடுவில் ஒருமுறை கூப்பிடுவதை நிறுத்தினாள். எதையோ காது கொடுத்துக் கேட்பவள்போல நிறுத்தினாள். அப்படித்தான் எனக்குத் தோன்றியது.

அதற்கப்புறம் ஓடிப்போய்த் திறந்தேன். இடுப்புக்குக் கீழே புடவை தோலோடு ஒட்டிக்கொண்டிருந்தது. துவரம்பருப்பு இன்னும் ஆவி விட்டுக்கொண்டிருந்தது. குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றினேன். மூன்றாம் மாடிக்காரர் ஆட்டோ பிடித்து வந்தார். வழியெல்லாம் அவள் தலையை என் மடியில்தான் வைத்திருந்தேன். பார்த்தவர்கள், கூடப்பிறந்தவள்கூட இப்படிப் பார்க்கமாட்டாள் என்றார்கள்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் ஒரு சின்னப் பெண். காயத்தைப் பார்த்துவிட்டு, "பட்ட உடனே தண்ணி ஊத்தலையா? ஊத்தியிருந்தா இவ்வளவு ஆழமாப் போயிருக்காதே" என்று கேட்டாள்.

நான் வாயைத் திறப்பதற்குள் ராஜி பேசினாள். வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு, கண்ணைத் திறக்காமல் சொன்னாள்.

"அக்கா உடனே வந்துட்டாங்க டாக்டர்."

ஏன் அப்படிச் சொன்னாள்? வேதனையில் நேரம் தெரியாமல் போயிற்றா? இல்லை, தெரிந்தே என்னைக் காப்பாற்றினாளா? காப்பாற்றினாள் என்றால் எதற்கு? அவள் என்னைத் திட்டியிருந்தால், கட்டடமே கூடி நின்று என் முகத்தில் காறித் துப்பியிருந்தால், அன்றைக்கே முடிந்திருக்கும். அந்த ஒரு வரிதான் என்னை இன்றுவரை பிடித்து ஆட்டுகிறது.

போர் நின்றது. எப்படி வந்ததோ அப்படியே நின்றது. டீக்கடையில் மறுபடி வடை போட்டார்கள். காயத்ரிக்கு டிக்கெட் கிடைக்கவே இல்லை, அங்கேயே பெற்றாள். தாயும் பிள்ளையும் நலம். எந்த வெந்நீருக்காக அந்தச் சிலிண்டரைக் காத்து வைத்தேனோ அந்த வெந்நீரை நான் வைக்கவேயில்லை. அதில் எனக்குச் சோறு பொங்கித் தின்றேன், அவ்வளவுதான்.

ராஜி வீடு திரும்பினாள். ஒரு கால் சரியாக மடங்குவதில்லை. ஸ்கூட்டியை விற்றாயிற்று. அந்த வயதானவர்கள் வேறு யாரிடமோ சாப்பாடு வாங்கிக்கொள்கிறார்கள். மகள் படிப்பை நிறுத்திவிட்டு ஒரு மருந்துக்கடையில் நிற்கிறாள். நான் தினமும் கீழே போகிறேன். ரசம் கொடுக்கிறேன், தலை வாரி விடுகிறேன். ஒவ்வொரு முறையும் அவள் வீட்டு விட்டத்தைப் பார்க்காமல் இருக்கப் பாடுபடுகிறேன். என் வீட்டில் ஒரு கரண்டி விழுந்தாலும் இங்கே கேட்கும் என்று அங்கே உட்கார்ந்திருக்கும்போதுதான் தெரிகிறது.

சொல்லிவிடலாம் என்று எத்தனையோ முறை வாயெடுத்தேன். "ராஜி..." என்பேன். "என்னக்கா?" என்பாள். "மாத்திரை போட்டியா?" என்று கேட்டுவிட்டு எழுந்து வந்துவிடுவேன். மன்னிக்கமாட்டாள் என்கிற பயமில்லை. எனக்குத்தான் அப்பவே தெரியுமேக்கா என்று சொல்லிவிடுவாளோ என்கிற பயம்.

போன வாரம் கதவு தட்டும் சத்தம் கேட்டுத் திறந்தேன். ராஜி நின்றிருந்தாள். விழுந்த பிறகு அவள் என் மாடிக்கு ஏறி வந்தது அதுதான் முதல் தடவை. சுவரைப் பிடித்து ஒவ்வொரு படியாக வந்திருக்கிறாள், மேல்மூச்சு வாங்கியது. பின்னால், காஸ் போடுகிறவர் தோளில் ஒரு நிறை சிலிண்டரோடு நின்றார்.

"இனிமே எனக்கு எதுக்குக்கா ரெண்டு? ரெண்டு பேர் சமையலுக்கு ஒண்ணு போதும். இத நீங்க வச்சுக்குங்க. அவசரத்துக்கு ஆகும்."

நான் கதவை விட்டு விலகி வழிவிட்டேன். காஸ் போடுகிறவர் உள்ளே வந்து, "எங்கம்மா வைக்கட்டும்?" என்றார். நான் படுக்கையறைப் பக்கம் பார்த்துவிட்டேன். பார்த்திருக்கக்கூடாது!

"நிக்கற எடத்துலயே வைங்கண்ணே" என்றாள் ராஜி. "அக்கா எங்க வேணுமோ உருட்டிக்குவாங்க."

அவள் முகத்தைத் தேடினேன். அதில் எப்போதும் இருக்கிற அந்தக் களைத்த சிரிப்பைத் தவிர வேறொன்றும் இல்லை. ஒரு டம்ளர் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு இறங்கிப் போனாள்.

சிலிண்டர் இன்னும் அங்கேதான் நிற்கிறது, நடு ஹாலில். அன்றைக்கு நான் என் சிலிண்டரை உருட்டி வந்து நிறுத்திய அதே இடத்தில். வருகிறவர்கள், இது ஏன் வழியில் என்று கேட்கிறார்கள். இடுப்பு வலி, ஆள் வந்தால் நகர்த்தச் சொல்லணும் என்கிறேன். யாரையும் கூப்பிடவில்லை. யார் நகர்த்தினாலும் சத்தம் கீழே போகுமே... ஒரு வேளைச் சமையலோடு நிறுத்திக்கொண்டு, அடுப்பில் இருப்பதை இழுத்துப் பிடித்து ஓட்டுகிறேன்.

இன்று காலை பால் வைத்தபோது தீ சிவந்து, படபடவென்று அடித்துக்கொண்டது. நாளைக்கு அணைந்துவிடும். அணைந்தால் உருட்டித்தான் ஆகவேண்டும்.

கீழே ராஜி இருக்கிறாள். இப்போதெல்லாம் அவள் எங்கும் போவதில்லை.