செண்பகம் என்ற சர்வர்

ராஜபாளையத்தில் நான் வேலை பார்க்கும் நூற்பாலையில் எல்லாக் கணக்கும் ஓடும் மையக் கணினியான சர்வருக்குப் பெயர் வைத்தவன் அவன்தான். கல்லூரியில் என்னோடு படித்தவன், சேத்தூர்க்காரன். மில்லில் நான் சேர்ந்த புதிதில் அதில் லினக்ஸ் இயங்குதளத்தை நிறுவ உதவிக்கு வந்திருந்தான். நிறுவும்போது கணினிக்கு ஒரு பெயர் கேட்கும். அதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை நாங்கள் இருவரும் மலையடிவாரத்துச் செண்பகத்தோப்பு வரை பைக்கில் போய் வந்திருந்தோம். அவன் யோசிக்கவே இல்லை, ‘செண்பகம்’ என்று அடித்தான். பெங்களூரில் ஒரு வேலை நிலைத்ததும் ஸ்ரீவில்லிபுத்தூரில் எங்கள் வீட்டுக்கு வந்து அம்மாவிடம் என்னைப் பெண் கேட்பதாகச் சொல்லிவிட்டுப் போனான்.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூட வாசலை மிதித்த முதல் ஆள் நான். சர்வர் அறையின் சாவி என்னிடம் மட்டும் இருப்பதை அம்மா தெரு முழுக்கச் சொல்லியிருந்தாள். எனக்கும் அந்தச் சாவியைப் பைக்குள் வைக்காமல் கையில் வைத்துக்கொண்டு நடப்பதுதான் பிடிக்கும்.

நாங்கள் போட்டது, பல நாட்டு ஆட்கள் கூடிச் செய்து இலவசமாகத் தரும் லினக்ஸ். அதையே அடிப்படையாக எடுத்து ஒரு கம்பெனி தன் பெயரில் ஒன்றை உண்டாக்கிச் சந்தாவுக்கு விற்கிறது. அதைச் சொல்லிச் சொல்லி அவன் சிரிப்பான். “நம்ம சரக்குதாம்ட்டி. லேபிள மாத்தி ஒட்டிட்டு வித்துட்டுத் திரியுதான்.” நானும் கூடச் சிரித்திருக்கிறேன். எங்களுடையதில் ஆறு மாதத்துக்கு ஒரு புதுப் பதிப்பு வரும். புதிது புதிதாக எல்லாம் முதலில் எங்களுக்குத்தான் கிடைக்கும். பழைய பதிப்பைக் கொஞ்ச நாளில் கைவிட்டுவிடுவார்கள் என்பதால் நாமும் கூடவே ஓடிக்கொண்டிருக்க வேண்டும்.

மில் ஓடும்போது சர்வரை நிறுத்த முடியாது. ஆடிப்பூரத் தேரன்று மில்லுக்கு விடுமுறை. ராஜபாளையமே எங்கள் ஸ்ரீவில்லிபுத்தூருக்குத் தேர் பார்க்கக் கிளம்பி வரும். சர்ச்சுக்குப் போகிற குடும்பம் நாங்கள். அன்றைக்கு நான் காலியாகத் திரும்பும் பஸ்ஸில் ஏறி மில்லுக்குப் போவேன். போன ஆண்டும் அப்படிப் போய்ப் புதுப் பதிப்பை ஏற்றிவிட்டு வந்தேன்.

மறுநாள் காலையில் நூல் மூட்டைகளை எடை போட்டு லேபிள் அடிக்கும் புரோகிராம் திறக்கவில்லை. அது பழைய புரோகிராம். அது நம்பியிருந்த ஒரு பழைய பகுதியை, இனி யாருக்கு வேண்டும் என்று புதுப் பதிப்பில் தூக்கிவிட்டிருந்தார்கள். தூத்துக்குடிக்குப் போக வேண்டிய லாரிகள் கேட்டுக்குள் நின்றன. மத்தியானத்துக்குள் அந்தப் பழைய பகுதியைத் தேடி எடுத்துத் தனி இடத்தில் வைத்து ஓட வைத்துவிட்டேன். ஒருவரையும் கேட்காமல் நானே செய்தேன். மானேஜர் திட்டவில்லை. ஒன்றுதான் கேட்டார்: “நீ லீவுல இருந்தா நான் யாருக்கும்மா போன் போட?”

எங்கள் லினக்ஸில் சந்தேகத்தை இணையத்தில் எழுதிப் போட்டுவிட்டு, எந்த ஊரிலோ யாருக்காவது மனசு வரும்வரை காத்திருக்க வேண்டும். பதில் பலமுறை வந்திருக்கிறது. கட்டாயம் வரும் என்று யாரும் சொன்னதில்லை.

கம்பெனியின் லினக்ஸையும், அதோடு ஒரே சப்போர்ட்டில் ஒரு புதுச் சர்வரையும் வாங்க முடிவானது. அதை நிறுவ அந்தக் கம்பெனியிலிருந்து வந்த எஞ்சினியர் அவன்தான்.

அவன் போன் குறைந்து சில மாதங்கள் ஆகியிருந்தன. கம்பெனி முத்திரை போட்ட சட்டையில் வந்து, மானேஜர் முன்னால் என்னை “மேடம்” என்றான். அவருக்கு இரண்டு லினக்ஸுக்கும் உள்ள வித்தியாசத்தை விளக்கினான். மூலம் ஒன்றுதான், ஆனால் கம்பெனி ஒரு பதிப்பை எடுத்து அதிலேயே நின்றுவிடும். மாதக்கணக்கில் சோதித்துப் பார்த்த பிறகே விற்கும். பத்து வருஷத்துக்கு அதே பதிப்பு. பாதுகாப்பு ஓட்டைகளை மட்டும் அடைப்பார்கள், மற்றதைத் தொட மாட்டார்கள். இன்று ஓடுவது நாளையும் ஓடும். ஓடாவிட்டால் பதில் சொல்ல ஆள் உண்டு. அவன் சொன்னதில் ஒன்றுகூடப் பொய் இல்லை. அதுதான் கேட்கக் கஷ்டமாக இருந்தது.

மானேஜர் எழுந்து போனதும் கேட்டேன். “வெறும் லேபிள்னுதான சொன்ன?”

“அப்பம் தெரியல.”

திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தான். “வீட்ல பேசி முடிச்சிட்டாவ. கான்சாபுரத்துப் பொண்ணு.”

“நீ பேசலையா?”

“பேசுனேன்.”

எப்படிப் பேசினான், அவர்கள் என்ன சொன்னார்கள் என்று நான் கேட்கவில்லை. அதைக் கேட்கிறவள் இல்லை நான். பழைய சர்வரிலிருந்த எல்லாவற்றையும் எடுத்துக் கொடுத்தேன். புதியதில் பெயர் கேட்கும் இடம் வந்தது.

“பேர மட்டும் அப்படியே விட்டுரு” என்றேன்.

“ஏலாதுட்டி.” அன்றைக்கு முதன்முறையாகப் பழையபடி ‘ட்டி’ போட்டுக் கூப்பிட்டான். “ஊரு, பிரிவு, நம்பரு. அப்படித்தான் வைக்கணும். அந்தப் பேரச் சொன்னாத்தான் சப்போர்ட்ல புகார எடுப்பாவ.”

ஊர்ப்பெயரின் நாலெழுத்துச் சுருக்கத்தையும் பிரிவையும் ஓர் எண்ணையும் அடித்தான். அதையே ஒரு சிறு ஸ்டிக்கரில் எழுதிப் பெட்டியின் மேல் ஒட்டினான். மூலையெல்லாம் படியும்படி விரலால் அழுத்தி விட்டான்.

வீட்டுக்குப் போனபோது அம்மா நல்ல சேலை கட்டியிருந்தாள். பக்கத்துத் தெருவில் யாரோ அவனை மில் வாசலில் பார்த்ததாகச் சொல்லியிருக்கிறார்கள். “வீட்டுக்கு வரச் சொன்னியாட்டி?”

“வேலையா வந்தாவம்மா. போயிட்டாவ.”

அதுவரை நான் அவனை அப்படி மரியாதை போட்டுச் சொன்னதில்லை. அம்மா உள்ளே போய்ச் சேலையை மாற்றிக்கொண்டு வந்தாள்.

ஐப்பசி மழையில் கரண்ட் போய்ப் போய் வந்து, சர்வரில் ஒரு டிஸ்க் கெட்டது. முதன்முறையாக சப்போர்ட்டுக்குப் போன் போட்டேன். உடனே எடுத்தார்கள், ஒரு பெண்குரல். மெஷின் பெயரைக் கேட்டாள்.

“செண்பகம்” என்றேன்.

அவள் தட்டிப் பார்க்கும் சத்தம் கேட்டது. “அப்படி ஒரு பேரு எங்ககிட்ட இல்லையே மேடம். இன்னொரு தடவை பார்த்துச் சொல்றீங்களா?”

எழுந்து போய்ப் பெட்டியின் மேலிருந்த ஸ்டிக்கரைப் பார்த்து ஒவ்வோர் எழுத்தாகப் படித்தேன். ஒரு மூலைகூட உரியவில்லை, அப்படியே இருந்தது. மறுநாளே புது டிஸ்க் வந்துவிட்டது. அன்றைக்கு லாரி எதுவும் நிற்கவில்லை.