சரோஜா யாருடைய ஆள்?

செய்யூர் ரோட்டில் கடலை மில் வைத்திருந்த ஷரீபுன்னிசாவிடம் "உன்னால் முடியாது" என்று மட்டும் சொல்லிவிடக் கூடாது. சொன்னால் அதைத்தான் முதலில் செய்வாள். புருஷன் மௌத்தானதும் மில்லை விற்றுவிட்டு வீட்டோடு கிடக்கச் சொன்னார்கள் சொந்தக்காரர்கள். கிடந்தாளா? பெல்ட் அறுந்தால் மெக்கானிக்குக்கு முன்னால் போய் நிற்பாள். எடையில் ஏமாற்றும் வியாபாரி அவள் வாயில் விழுந்தால், அவன் தாத்தா வரைக்கும் சந்திக்கு வந்துவிடுவார்.

சர்க்கார் இன்சூரன்ஸ் கம்பெனிகளை எடுத்துக்கொண்ட மறுவருஷம், செங்கல்பட்டு ஏஜெண்ட் ஜானகிராமன் பஸ்ஸில் வந்து இறங்கினார். மிஷினுக்கு ஒரு பாலிசி எழுதினார். வேலையாட்களுக்கும் ஒன்று போடச் சொன்னார்.

"இங்க வேலை செய்றவங்களுக்கு அடிபட்டா சட்டப்படி நஷ்டஈடு குடுக்க வேண்டியது நீங்கம்மா. அந்தப் பொறுப்பை உங்களுக்காகக் கம்பெனி சுமக்கும். விஷயம் அவ்வளவுதான்."

கூலிக்காரர்களுக்காகப் பணம் கட்டும் பைத்தியம் உண்டா என்று கொழுந்தன் பஷீருதீன் விழுந்து விழுந்து சிரித்தான். அவன் சிரித்ததற்காகவே அவள் பாலிசி போட்டாள்.

அந்தப் பக்கத்து மில்களில் மாத்தாள் அனுப்புவது வழக்கம். ஒருத்திக்குக் காய்ச்சல் என்றால் நாத்தனாரோ ஓரகத்தியோ அவள் இடத்தில் வந்து நிற்பாள். கூலி பழைய ஆள் பேரிலேயே போகும். ஷரீபுன்னிசா இதை ஜானகிராமனிடம் சொல்லவில்லை. மூச்சு விடுகிறோம் என்று யாராவது போய்ச் சொல்லிக்கொண்டிருப்பார்களா? அவரும் கேட்கவில்லை.

கடலை மூட்டைகள் கூரை வரை அடுக்கிக் கிடந்த சமயம் அது. மிஷின் வேலை பார்க்கும் கன்னியம்மா காய்ச்சலில் விழுந்தாள். அவளுக்குப் பதில் ஓரகத்தி சரோஜா வந்தாள். "முந்தானையை இழுத்துச் சொருவிக்கினு நில்லுடி" என்று ஷரீபுன்னிசாதான் சொல்லி உள்ளே அனுப்பினாள். மத்தியானத்துக்குள் அந்த முந்தானை அவிழ்ந்து பெல்ட்டில் மாட்டிக்கொண்டது. அதைப் பிடித்து இழுக்கப் போன வலது கையும் கூடவே போய்விட்டது. செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் மணிக்கட்டோடு எடுத்துவிட்டார்கள். ஷரீபுன்னிசா ஆஸ்பத்திரி வாசலில் உட்கார்ந்து ஓவென்று அழுதாள். அதுவரை அவள் அழுது யாரும் பார்த்ததில்லை.

மறுநாளே பஷீருதீன் ஒரு பேப்பரோடு வந்தான்.

"ஒரு மூட்டை அரிசி, கையில கொஞ்சம் டப்பு. வெத்துப் பேப்பர்ல ரேகை வாங்கிக்கலாம் அண்ணி. எல்லா மில்லுலயும் இப்படித்தான் முடிக்கிறாங்க."

"ரேகையா? எந்த விரல்ல வெப்பாடா அவ?"

பஷீருதீன் யோசித்தான். "இடது கை கீதே அண்ணி" என்றான்.

புடைத்துக்கொண்டிருந்த முறத்தை அப்படியே அவன்மேல் வீசினாள்.

சரோஜாவை நஷ்டஈடு கேட்டு மனுப்போட வைத்ததே அவள்தான். விவகாரம் மெட்ராஸில் தொழிலாளர் நஷ்டஈட்டுக் கமிஷனரிடம் போனது. விசாரணையன்று இன்சூரன்ஸ் கம்பெனி வக்கீல் ஷரீபுன்னிசாவைத் தாழ்வாரத்துக்குத் தள்ளிக்கொண்டு போனார்.

"ரொம்ப சுலபம்மா. சரோஜாவை நீங்க வேலைக்கு வைக்கலை, கன்னியம்மா அனுப்பினா. 'என் ஆள் இல்லை'ன்னு ஒரு வார்த்தை சொல்லிடுங்க. உங்களுக்குப் பொறுப்பு இல்லைன்னா கம்பெனிக்கும் இல்லை."

"அப்போ அந்தப் பொண்ணுக்கு இன்னா கிடைக்கும்?"

"அது நம்ம கவலை இல்லையே."

"என் ஆளுன்னு சொன்னா?"

"கம்பெனியைக் கேட்காம பொறுப்பை ஒத்துக்கக் கூடாதுன்னு பாலிசியிலேயே இருக்கும்மா. மீறினீங்கன்னா கம்பெனி கையை விரிச்சிடும். மில்லை வித்துத்தான் கட்டணும்."

அவளுக்குப் பயம் இல்லாமல் இல்லை. மில் போனால் சொந்தக்காரன் வீட்டுச் சோற்றுக்குக் கையேந்தி நிற்க வேண்டியதுதான். ஓரமாக நின்ற ஜானகிராமனைப் பார்த்தாள். அவர் பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தினார்.

"யார் தப்புன்னு உள்ள பெருசா பார்க்க மாட்டாங்கம்மா. யாருக்காக வேலை செஞ்சாங்கிறதுதான் கேள்வி. இதுக்கு மேல நான் வாயைத் திறந்தா என் ஏஜென்சி போயிடும்."

உள்ளே கூப்பிட்டார்கள். சரோஜா இல்லாத கையை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு சுவரோரம் நின்றாள். கமிஷனர் ஷரீபுன்னிசாவைச் சத்தியம் செய்யச் சொன்னார். "இந்தப் பெண் உங்கள் மில் ஆளா?" என்று கேட்டார். வக்கீல் தொண்டையைச் செருமினார்.

"ஆமாங்க. என் ஆளுதான்."

வக்கீல் துள்ளி எழுந்தார்.

"நீ உக்காரு வக்கீலே! கேட்டது அவரு, சொல்றது நானு. நாந்தான் இவளை உள்ள அனுப்பினேன். என் மிஷின்தான் இவ கையைத் தின்னுச்சு. அன்னிக்கு இவ உடைச்ச கடலையை நாந்தான் வித்தேன். கடலை மட்டும் என்னுது, கை மட்டும் எவளுதோவா? இன்னா நியாயம் இது?"

பின்னால் பஷீருதீன் தலையில் கைவைத்துக்கொண்டான்.

தீர்ப்பு வரும்வரை அவளுக்குச் சோறு இறங்கவில்லை. மில்லை என்ன விலைக்குக் கொடுப்பாய் என்று கேட்டு வந்த தரகனை மட்டும் துரத்தி அடித்தாள். தீர்ப்பன்று மறுபடியும் எல்லோரும் மெட்ராஸ் போனார்கள். மாத்தாள் என்று தெரிந்தே உள்ளே விட்டு வேலை வாங்கினால் அவளும் முதலாளியின் ஆள்தான் என்றார் கமிஷனர். சத்தியம் செய்து உண்மை சொன்னதைப் பாலிசியை மீறியதாகச் சொல்ல முடியாது, கம்பெனிதான் கட்ட வேண்டும் என்றும் சொன்னார். வக்கீல் பேப்பர்களை வாரிக்கொண்டு யார் முகத்தையும் பார்க்காமல் போய்விட்டார்.

"தப்பிச்சோம் அண்ணி!" என்றான் பஷீருதீன்.

"வாயை மூடு."

சரோஜா படியிறங்கி வந்து அவளுக்கு நேர் எதிரே நின்றாள். இத்தனை நாளும் குனிந்த தலை நிமிராதவள், இப்போது கண்ணைப் பார்த்துப் பேசினாள்.

"நா உங்க ஆளுதான்னு ஆயிடுச்சில்ல பாயம்மா?"

"ஆமாண்டி."

"அப்போ திங்கக்கெழமை வேலைக்கு வரேன். கன்னியம்மா பேர்ல இல்ல. என் பேர்ல."

ஷரீபுன்னிசா அவளை மேலும் கீழும் பார்த்தாள். சாட்சி சொன்னதோடு தன் வேலை முடிந்தது என்றுதான் நினைத்திருந்தாள். ஒரு கையை வைத்துக்கொண்டு என்ன கிழிப்பாய் என்ற கேள்வி நாக்கு நுனிவரை வந்தது. புருஷன் போனதும் தன்னையும் இப்படித்தான் கேட்டார்கள். அதை அப்படியே விழுங்கினாள்.

"வா. மிஷின் பக்கம் மட்டும் போனே, காலை ஒடிச்சிடுவேன்."

"ஒடிங்களேன் பாயம்மா," என்றாள் சரோஜா. "அதுக்கும் இன்சூரன்ஸ் கீது இல்ல?"